சூதும் கணக்கும்: ஆட்டங்களில் வாய்ப்பை எண்ணிப் பார்க்கும் வழி

(தருமபுரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் மாவட்டத்தில் திரௌபதியம்மன் திருவிழா நடக்கும் ஊர்களில், பாரதக் கூத்துக்குக் கூட்டம் நெரியும் இரவுகளில் ஒன்று சூது துகில் நடக்கும் இரவு. சகுனி உருட்டுவான், தருமன் தோற்பான். மறுபடி உருட்டுவான், மறுபடி தோற்பான். நாடு போகும், தம்பிமார் போவார்கள், தானும் போவான், கடைசியில் பாஞ்சாலி. பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கும் அது நேர்மையான ஆட்டம் என்று தோன்றாது. சகுனியின் குணம் நமக்கு முன்பே தெரியும் என்பது ஒரு காரணம். அவன் யாரென்றே தெரியாத ஒருவர் ஓரமாக உட்கார்ந்து எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தாலும் அவருக்கும் சந்தேகம் வந்திருக்கும். இருவருக்கும் சம வாய்ப்புள்ள ஆட்டத்தில் சொல்லிவைத்த ஒருவரே தொடர்ந்து பத்து முறை வெல்வது 1,024-ல் ஒரு முறை நடக்கக்கூடியது. கட்டையில் ஏதோ இருக்கிறது என்று எண்ணிக்கையே சொல்லிவிடுகிறது.

இப்போது இன்னொரு தொடர் தோல்வியைப் பாருங்கள். 2023 நவம்பரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தொடங்கி, 2025 மார்ச்சில் துபாயில் நடந்த சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம் வரை, இந்திய அணி தொடர்ந்து 15 ஒருநாள் ஆட்டங்களில் டாஸ் தோற்றது. வரிசை அத்துடன் நிற்கவும் இல்லை. நமது கணக்குக்குப் பதினைந்தே போதும். நேர்மையான நாணயத்தில் தொடர்ந்து பதினைந்து முறை தோற்பதற்கான வாய்ப்பு 32,768-ல் ஒன்று. சகுனியின் பத்து வெற்றியைவிட இது முப்பத்திரண்டு மடங்கு அரிது. ஆனால் நாணயத்தில் சூது இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாதது சரிதான். ஏன் சரி என்பதைக் காகிதத்தில் நிறுவக் கொஞ்சம் திணற வேண்டும். கணினியில் போட்டுப் பார்த்தால் பளிச்சென்று புரியும்.

செய்ய வேண்டியது இதுதான். 1971 முதல் இன்றுவரை நடந்த ஒருநாள் ஆட்டங்கள் 4,800-க்கு மேல். யார் யாரோடு எந்த வரிசையில் ஆடினார்கள் என்ற பட்டியலை அப்படியே வைத்துக்கொள்கிறோம். டாஸை மட்டும் புதிதாகச் சுண்டுகிறோம், கணினிக்குள். இப்படி முழுக் கிரிக்கெட் வரலாற்றையும் ஒரு முறை சுண்டி முடித்தால் ஒரு பாவனை வரலாறு. பத்தாயிரம் பாவனை வரலாறுகளை உண்டாக்கி, அவற்றில் எத்தனையில் ஏதாவது ஒரு நாட்டுக்கு 15 அல்லது அதற்கு மேற்பட்ட டாஸ் தொடர்ந்து போயிருக்கிறது என்று எண்ணுகிறோம். விடை ஏறத்தாழ ஏழில் ஒன்று. தொடர் தோல்வியோடு தொடர் வெற்றியையும் சேர்த்தால், அதுவும் செய்தியாகியிருக்கும் அல்லவா, ஏறத்தாழ நான்கில் ஒன்று. 32,768 எங்கே, நான்கு எங்கே!

சகுனி விஷயத்தில் நாம் பார்த்தது ஒரே ஓர் ஆட்டம், அதிலும் வெல்பவன் இன்னான் என்று முன்பே தெரியும். டாஸ் விஷயத்தில் அரை நூற்றாண்டுக் கிரிக்கெட்டைச் சலித்து, மிக நீளமான வரிசையைப் பொறுக்கி எடுத்து, பிறகு வியக்கிறோம். அரிதான ஒன்றைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை இடத்தில் தேடி இதைக் கண்டுபிடித்தோம் என்பது. இன்று நான் சொல்ல வந்ததில் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மீதிப் பாதி பணத்தையும் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் பற்றியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு ஆட்டத்தைப் பொய்யாகப் பல ஆயிரம் முறை ஆடிப் பார்த்து, எத்தனை முறை என்ன நடந்தது என்று எண்ணுவதுதான் சிமுலேஷன். இதற்குக் கணினி கட்டாயம் இல்லை. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். சிறு மாதிரிகளை வைத்துக் கணக்கிடும் சராசரி எவ்வளவு தள்ளாடும் என்பது அவருடைய கேள்வி. 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடது கை நடுவிரல் நீளத்தையும் தனித்தனி அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து, 750 மாதிரிகளைக் கொண்டு தன் சூத்திரத்தைச் சரிபார்த்தார். இன்று புள்ளியியல் படிக்கும் எந்த மாணவரும் தப்பிக்க முடியாத டி-சோதனை அங்கே பிறந்தது. நம் பாரதத்திலும் ஒரு கிளைக்கதை உண்டு. தேரில் போகும்போது இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, அதில் இத்தனை இலை, இத்தனை காய் என்று சொல்லிவிடுகிறான். நளன் தேரை நிறுத்தி, எண்ணிப் பார்த்து மலைக்கிறான். அந்த எண்ணும் வித்தையையும் சூதாட்ட நுட்பத்தையும் சேர்த்தே நளன் கற்றுக்கொள்கிறான். தான்றிக்காய்தான் பழைய காலத்துச் சூதுக் காய். எண்ணத் தெரிந்தவன்தான் சூதை வெல்வான் என்று அந்தக் கதையைச் சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கணினிக்கு இந்த வேலை வந்ததும் சீட்டாட்டம் வழியாகத்தான். 1946-ல் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற போலந்துக் கணிதவியலாளர் மூளை அழற்சியிலிருந்து தேறிக்கொண்டிருந்தார். பொழுதுபோகாமல் தனியாள் சீட்டாட்டம் ஒன்றை ஆடிக்கொண்டிருந்தவருக்கு, ஒரு சீட்டுக்கட்டு முழுமையாகக் கைகூடுவதற்கான வாய்ப்பு என்ன என்ற கேள்வி எழுந்தது. 52 சீட்டுகளை அடுக்கும் வழிகளை எழுதினால் 68 இலக்க எண் வரும். அதைச் சூத்திரத்தில் அடக்க முயன்று அலுத்தபின், நூறு முறை ஆடி எத்தனை முறை வென்றோம் என்று எண்ணினாலே போதாதா என்று தோன்றியது. நண்பர் ஜான் வான் நாய்மனிடம் சொன்னார். சுமார் 18,000 வால்வுகள் கொண்ட எனியாக் கணினியில் 1948-ல் இந்த முறை ஓடியது. அதற்கான நிரலை எழுதியதில் பெரும்பங்கு கிளாரா வான் நாய்மன் என்ற பெண்மணிக்கு. மான்டே கார்லோ சூதாட்ட விடுதியை நினைத்து அதற்குப் பெயர் வைத்தவர் நிக்கோலஸ் மெட்ரோபோலிஸ். அன்று கணக்கிட்டது அணுகுண்டுக்குள் நியூட்ரான்கள் எப்படிப் பரவும் என்பதை. இந்த முறை பிறந்த இடத்தில் அந்த இருள் இருந்தது என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி நம் வீட்டுத் திண்ணைக்கு வருவோம். தாயம் ஆடாதவர் இந்த அவையில் குறைவாகவே இருப்பீர்கள். இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. உள்ளங்கைகளுக்கு நடுவே உரசி உருட்டுகிறோம். நாலுக்கு நாலு, மொத்தம் பதினாறு விதமாக விழலாம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அது பதினாறில் ஒரு வழி. ஒன்றும் வெறுமையும் விழுந்தால் தாயம். அதற்கு இரண்டு வழி. இரண்டு விழ மூன்று, மூன்று விழ நான்கு, நான்கு விழ மூன்று, ஐந்து விழ இரண்டு, ஆறு விழ ஒரே வழி. கூட்டிப் பார்த்தால் பதினாறு சரியாக வரும்.

விதிகள் ஊருக்கு ஊர் மாறும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம் உண்டு என்ற வழக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் பதினாறில் ஆறு முறை மறுபடி உருட்டலாம். ஒரு கைக்குச் சராசரியாக 1.6 உருட்டல். ஒரு உருட்டலின் சராசரி மதிப்பு 3.75. இரண்டையும் பெருக்கினால் ஒரு கைக்குக் கிடைப்பது சரியாக ஆறு. இன்னும் ஓர் ஆறு இருக்கிறது. தாயம் போட்டால்தான் காய் இறங்கும். ஒரு கையில் எப்படியாவது ஒரு தாயம் விழுந்துவிடுவதற்கான வாய்ப்பு, மறு ஆட்டங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், சரியாக ஆறில் ஒன்று. இந்த விதிகளை வகுத்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால் இவ்வளவு வழவழப்பான எண்கள் தற்செயலாக வந்திருந்தாலும், இந்த ஆட்டம் தலைமுறை தலைமுறையாகச் சலிக்காமல் இருப்பதற்கு அவையும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது.

இதுவரை சிமுலேஷன் தேவைப்படவில்லை. பத்துக் கை போட்டும் தாயம் விழாமல் காய் இறங்காதிருக்க என்ன வாய்ப்பு? ஆறில் ஐந்தைப் பத்து முறை பெருக்கினால் 16 சதவீதம். அதாவது நான்கு பேர் உட்கார்ந்தால் ஏறத்தாழ இரண்டு ஆட்டத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவர் அந்த எரிச்சலை அனுபவித்தே தீருவார். கை ராசி இல்லை என்று அவரைச் சொல்வதில் பொருளில்லை.

கணக்கு எங்கே கையை விட்டுப் போகிறது தெரியுமா? காய்கள் இறங்கிய பிறகு. நான்கு பேர், ஆளுக்கு நான்கோ ஆறோ காய்கள், மலையில் உட்கார்ந்தால் வெட்ட முடியாது, வெட்டினால் இன்னொரு கை, வெட்டினால்தான் உள்ளே போகலாம் என்ற விதி வேறு. முதலில் காயை இறக்கியவர் முதலில் பழம் எடுப்பதற்கான வாய்ப்பு என்ன? ஆறு விழுந்தால் இருக்கும் காயை ஓட்டுவதா, எதிரியை வெட்டுவதா? இங்கே சூத்திரம் நின்றுவிடும். கணினியில் நான்கு பாவனை ஆட்டக்காரர்களை உட்காரவைத்து, ஒருவருக்கு 'எப்போதும் வெட்டு' என்றும் மற்றவருக்கு 'முதலில் மலைக்குப் போ' என்றும் சொல்லிக்கொடுத்துப் பத்தாயிரம் ஆட்டம் ஆடவிட வேண்டியதுதான். பைத்தானில் நூறு வரிக்குள் எழுதிவிடலாம். அதுவும் தெரியாதவர்கள் எக்செல் தாளில் 'ராண்ட்பிட்வீன்' என்ற சூத்திரத்தில் 0 முதல் 3 வரை கொடுத்து இரண்டு கட்டங்களைக் கூட்டினாலே தாயக்கட்டை உருள ஆரம்பித்துவிடும். அரசு தந்த மடிக்கணினி தாராளமாகப் போதும்.

எத்தனை முறை ஆடினால் போதும் என்று கேட்பீர்கள். நூறு முறை ஆடினால், உண்மை 16 சதவீதமாக இருக்கும் ஒன்று 9 என்றும் வரலாம், 23 என்றும் வரலாம். பத்தாயிரம் முறை ஆடினால் 15-க்கும் 17-க்கும் நடுவே அடங்கிவிடும். பிழையைப் பத்தில் ஒன்றாக்க ஆட்டத்தை நூறு மடங்காக்க வேண்டும் என்பது விதி. செலவு பிடித்த விதிதான். ஆனால் கணினி அலுத்துக்கொள்வதில்லை.

கணினி உண்மையில் உருட்டுகிறதா? இல்லை. அது கணக்குப் போடுகிறது. ஒரு சிறிய செய்முறை சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஓர் எண்ணை ஐந்தால் பெருக்கி, மூன்றைக் கூட்டி, பதினாறால் வகுத்து மீதியை வையுங்கள். 7-ல் தொடங்கினால் 6, பிறகு 1, 8, 11, 10, 5, 12 என்று போய், 0 முதல் 15 வரை பதினாறு எண்களும் ஒவ்வொரு முறை வந்து மறுபடி 7-க்குத் திரும்பும். பார்வைக்குத் தாறுமாறு. உற்றுப் பாருங்கள்: ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி வருகிறது. இதை நம்பித் தாயம் ஆடினால் விடை கெட்டுப்போகும். பைத்தான் பயன்படுத்தும் மெர்சென் ட்விஸ்டர் என்ற செய்முறை இப்படி எளிதில் பிடிபடாது. ஆனால் அதுவும் செய்முறைதான் என்ற நினைவு நமக்கு இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மேலே நான் போட்ட கணக்கு முழுவதும், கட்டையின் நான்கு பக்கமும் சமமாக விழும் என்ற ஒரே அனுமானத்தில் நிற்கிறது. பித்தளைக் கட்டை கையால் அராவிச் செய்தது. பல வீட்டுக் கட்டைகள் இரண்டு தலைமுறை உருண்டு முனை தேய்ந்தவை. கட்டை இல்லாத வீட்டில் புளியங்கொட்டை. ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை சிமெண்டுத் தரையில் தேய்ப்பார்கள். தேய்த்த பக்கம் தட்டை, தேய்க்காத பக்கம் மேடு. அப்படிப்பட்ட கொட்டை இரு பக்கமும் சமமாக விழும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நான்கு கொட்டையில் ஒரே ஒரு வெள்ளை விழுந்தால் தாயம் என்று ஆடுபவர்களை எடுத்துக்கொள்வோம். வெள்ளை விழும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால் தாயம் 25 சதவீதம். பத்தில் நான்கு முறைதான் வெள்ளை என்றால் தாயம் 35 சதவீதத்தை நெருங்கிவிடும். கணினியில் கோடி முறை ஆடினாலும் இந்தப் பிழை போகாது, ஏனென்றால் பிழை கணினிக்கு வெளியே, கொட்டையில் இருக்கிறது. ஆகவே முதலில் உட்கார்ந்து ஒரே கட்டையை 400 முறை உருட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 100-ஐ ஒட்டி வர வேண்டும். 83-க்குக் கீழேயோ 117-க்கு மேலேயோ போனால் அந்தக் கட்டையைச் சந்தேகிக்கலாம்.

கட்டையே இல்லாத ஆட்டத்துக்கும் சிமுலேஷன் உதவுகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று முனைகள், எதுவும் உருளுவதில்லை. எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தே நடக்கிறது. ஆனாலும் இந்த ஆட்டை இங்கே வைப்பதா, அங்கே வைப்பதா என்று முழுமையாக ஆராய வழிகள் பெருகிப் போகும். ஒவ்வொரு இடத்திலும் வைத்து, அங்கிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் ஆட்டம் முடிவுவரை ஆடிப் பார்த்து, எங்கே வைத்தபோது ஆடுகள் அதிகம் வென்றன என்று எண்ணலாம். கண்மூடி ஆடிய ஆட்டங்களின் கூட்டுத்தொகை கண் திறந்த முடிவைத் தருகிறது. 2006 வாக்கில் கோ ஆட்டத்தில் இந்த வழி செப்பமடைந்தது. 2016 மார்ச்சில் சியோலில் கோ வீரர் லீ செடாலை 4-1 என்று ஆல்பாகோ என்ற கணினி நிரல் வென்றபோது, அதன் நரம்பு வலையமைப்புகளோடு சேர்ந்து இயங்கியது இதே எண்ணும் வழிதான். நம் ஆடுபுலிக்கு இதை ஒரு மாணவர் ஒரு பருவத் திட்டப் பணியாகச் செய்யலாம். புலிக்குச் சாதகமா, ஆட்டுக்குச் சாதகமா என்று பாட்டி சொன்னதைச் சோதித்துப் பார்க்கலாம்.

சதுரங்கத்தைப் பற்றி ஒரு சொல். 2024 ஏப்ரலில் டொரான்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் எட்டுப் பேர், 14 சுற்று, 56 ஆட்டங்கள். வெற்றி, தோல்வி, சமன் என்று மூன்று வழி. மொத்த வழிகள் 27 இலக்க எண். யார் வெல்வார் என்று சொல்ல, எலோ தரப்புள்ளிகளை வைத்து முழுப் போட்டியையும் பல ஆயிரம் முறை ஆடிப் பார்ப்பார்கள். 100 புள்ளி அதிகம் உள்ளவர் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 0.64 புள்ளி எடுப்பார் என்பதுதான் அதன் அடிப்படை. ஏழாம் சுற்றில் தோற்ற குகேஷ், 9 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்தார்; டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டமும் வென்றார். குறைந்த வாய்ப்பு என்பதற்கு நடக்காது என்று பொருளில்லை. பத்தில் ஒரு வாய்ப்பு என்று சொன்னவர், பத்து முறையில் ஒரு முறை அது நடக்கத்தான் வேண்டும் என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்.

இனி பணம். இதைத்தான் மனம் கனத்துச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரிச் சீட்டு ஒழிக்கப்பட்டது. பிறகு அது கைப்பேசிக்குள் ரம்மியாக வந்து உட்கார்ந்தது. ரம்மி திறமை ஆட்டம் என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும், குதிரைப் பந்தயம் பற்றி 1996-ல் டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் சொன்ன தீர்ப்பும் அந்த நிறுவனங்களுக்கு அரணாக இருந்தன. தமிழ்நாடு அரசு 2021-ல் கொண்டுவந்த தடையை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2023 ஏப்ரலில் புதுச் சட்டம் வந்தது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மிக்கும் போக்கருக்கும் விதித்த தடையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சையே விட்டுவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடுத்தது.

அரை நூற்றாண்டாக நீதிமன்றங்கள் திறமையா அதிர்ஷ்டமா என்று கேட்டன. எனக்கு அந்தக் கேள்வியே வீட்டுக் கணக்குக்குப் போதாது என்று தோன்றுகிறது. திறமை இருக்கட்டும். இரண்டு சம திறமைசாலிகள் ஆளுக்கு 100 ரூபாய் கட்டி ஆடுகிறார்கள். தளம் மொத்தத்தில் பத்து சதவீதம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். வென்றவருக்கு 80 ரூபாய் லாபம், தோற்றவருக்கு 100 ரூபாய் நஷ்டம். இதைக் கணினியில் ஓட்டிப் பாருங்கள். நூறு ஆட்டம் முடிந்ததும் நூற்றில் 13 அல்லது 14 பேர் லாபத்தில் இருப்பார்கள். நானூறு ஆட்டம் முடிந்தால் நூற்றில் ஒருவர். ஆயிரம் ஆட்டம் முடிந்தால் பத்தாயிரம் பேரில் இரண்டு பேர். ஒருவர் உண்மையிலேயே மற்றவர்களைவிடத் திறமைசாலி, நூற்றுக்கு 55 ஆட்டம் வெல்கிறார் என்றே கொள்ளுங்கள். அவருக்கும் ஆட்டத்துக்குச் சராசரி ஒரு ரூபாய் நஷ்டம்! கட்டணத்தைத் தாண்டவே 55.6 சதவீதம் வெல்ல வேண்டும்.

அந்த முதல் பதின்மூன்று பேரை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை; உண்மையாகவே வென்றவர்கள். விளம்பரத்தில் சிரித்துக்கொண்டு வருபவர்கள் அவர்கள்தான். பக்கத்து வீட்டுப் பையனிடம் ‘எனக்கு வந்தது, உனக்கும் வரும்’ என்று சொல்பவர்களும் அவர்கள்தான். மீதி எண்பத்தாறு, எண்பத்தேழு பேர் வீட்டில் சொல்லாமல் இருக்கிறார்கள். ஐம்பது ஆண்டு டாஸ்களிலிருந்து ஒரு வரிசையைப் பொறுக்கி எடுத்ததும் இதுவும் ஒரே காரியம். டாஸில் பொறுக்கியதால் யாருக்கும் கெடுதல் இல்லை. இங்கே கடன் வாங்கியவரின் குடும்பம் தெருவுக்கு வருகிறது. சட்டம் இன்று தடுக்கலாம், நாளை வேறு பெயரில் வேறொன்று வரலாம். பிளஸ் டூ கணிதத்தில் நிகழ்தகவு நடத்தும் ஆசிரியர், சிவப்புப் பந்தும் கறுப்புப் பந்தும் கொண்ட பையை ஒரு நாள் ஒதுக்கிவைத்துவிட்டு, இந்தப் பத்து சதவீதக் கணக்கை வகுப்பில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு பாடவேளை போதும்.

கடைசியாகக் கபடி. பொங்கலுக்கு நம் ஊர்களில் நடக்கும் கோப்பைப் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட். பதினாறு அணி, நான்கு சுற்று, தோற்றால் வீட்டுக்கு. இதில் நல்ல அணி எத்தனை முறை வெல்லும்? நாற்பது நிமிட ஆட்டம், ஒரு ரைடுக்கு முப்பது நொடி என்றால் இரண்டு அணிக்கும் ஆளுக்கு நாற்பது ரைடு. நல்ல அணி தன் ரைடுகளில் நூற்றுக்கு 40-ல் புள்ளி எடுக்கிறது, மற்ற அணிகள் 36-ல். பிடிபடுவது இருவருக்கும் 25. போனஸ், ஆல்-அவுட், சூப்பர் டேக்கிள் எல்லாவற்றையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். இப்படி ஆடவிட்டால் நல்ல அணி நூறு ஆட்டத்தில் 56 வெல்லும், 38 தோற்கும், மீதி சமன். சமனை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தால் ஓர் ஆட்டம் வெல்ல 59 சதவீதம். தொடர்ந்து நான்கு சுற்றும் வெல்ல 12 சதவீதம். திறமையே பார்க்காமல் சீட்டுக் குலுக்கியிருந்தால் 6 சதவீதம். மற்ற பதினைந்து அணிகளையும்விடத் தெளிவாகச் சிறந்த ஓர் அணி, நூறு பொங்கலில் 88 பொங்கலுக்குக் கோப்பை இல்லாமல் திரும்பும். ஒவ்வொரு சுற்றையும் மூன்றில் இரண்டு வெற்றி என்று மாற்றினாலும் பன்னிரண்டு பதினாறாகிறது, அவ்வளவுதான்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளை, அதிலும் வத்தல்மலையிலிருந்தும் சித்தேரியிலிருந்தும் இறங்கி வந்து ஒரே ஒரு நாள் ஆடிவிட்டுப் போகும் பெண் பிள்ளைகளை, கோப்பை வென்ற அணியில் இருந்தார்களா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது நியாயமில்லை என்று இந்த எண்கள் சொல்கின்றன. ஆளைப் பார்த்து எண்ண வேண்டும். அதிலும் பொறுமை வேண்டும். 40 சதவீதத் திறமையுள்ள ரைடர் ஒருவர் நாற்பது ரைடில் 25 சதவீதமும் காட்டலாம், 55 சதவீதமும் காட்டலாம். நானூறு ரைடு குறித்தால் 35-க்கும் 45-க்கும் நடுவே நின்றுவிடும். அதாவது ஒரு நாள் போதாது, ஒரு பருவம் முழுவதும் வேண்டும்.

புரோ கபடி ஆட்டங்களுக்கு இந்தக் கணக்குகள் எடுக்கப்படுகின்றன. ஊர்ப் போட்டிகளில் யாரும் குறித்துவைப்பதில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் புள்ளியியல் மாணவர்களிடம் நான் கேட்பது இதுதான். வரும் பொங்கலில் இருந்து ஊருக்கு இருவர், ஒரு நாற்பது பக்க நோட்டு. ரைடு எண், ரைடர், எதிரில் எத்தனை பேர் நின்றார்கள், புள்ளியா, பிடியா, வெறுமையா. நான்கே பத்தி. எதிரில் நின்றவர் எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள். ஆறு பேராவது நின்றால்தான் போனஸ், மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நின்றால் பிடிக்கு ஒரு புள்ளி கூடுதல், ஆட்டத்தின் திசையே அங்கேதான் மாறுகிறது. அந்த நோட்டுகள் சேர்ந்தால், நான் இன்று விட்டுவிட்ட போனஸையும் ஆல்-அவுட்டையும் சேர்த்து முழுக் கபடியையும் கணினிக்குள் ஆடவைக்கலாம். நாக்-அவுட்டா, லீக்கா, பதினாறு அணியை நான்கு குழுவாகப் பிரிப்பதா என்பதை அடுத்த ஆண்டுப் போட்டி நடத்துபவர்கள் அதைப் பார்த்து முடிவுசெய்யலாம். நோட்டுகளைக் கல்லூரித் துறையில் வாங்கி வைக்கத் துறைத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.